ஒரே சவுண்ட் கார்டு, மூன்று புரோகிராம்: லினக்ஸில் ஒன்றைத் திறந்தால் மற்றது ஊமையாவது ஏன்?

கேள்வியின் சுருக்கம்: பாளையங்கோட்டைப் பக்கம் மைக் செட்டும் நேரலையும் செய்கிறவர் கேட்கிறார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு. மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22. இரண்டு உள்ளீடு, இரண்டு வெளியீடு உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று. ஓபிஎஸ்ஸில் நேரலை, ஆர்டோரில் பதிவு, இடைவேளையில் விஎல்சியில் பக்திப் பாட்டு. ஆர்டோரைத் திறந்ததும் மற்ற இரண்டும் ஊமையாகிவிடுகின்றன. சில நாள் ஆர்டோரே ‘டிவைஸ் பிஸி’ என்று நின்றுவிடுகிறது. இன்னொரு கார்டு வாங்க வேண்டுமா?

பதில்:

வேண்டாம் அண்ணாச்சி, இருக்கிற கார்டே போதும். ஆர்டோரில் ஒரே ஒரு இடத்தை மாற்றினால் மூன்றும் சேர்ந்து ஓடும். ஆனால் அதோடு விட்டுவிட்டால் கொடையன்று ராத்திரி வேறு இடத்தில் இடிக்கும். அந்த இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ‘பிடபிள்யூ’ என்று வருவதெல்லாம் பி, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துதான்.

முதலில் காரணம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் யூஎஸ்பி கார்டுகளும் மடிக்கணினிக்குள் இருக்கும் கார்டும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புரோகிராமிடமிருந்துதான் ஒலியை வாங்கும். இரண்டாவது ஆள் நேராகக் கதவைத் தட்டினால் லினக்ஸின் மையமான கெர்னல் ‘பிஸி’ என்று திருப்பி அனுப்பிவிடும். பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டில் இருந்த இஎம்யூ10கே1 சில்லு 32 ஓட்டங்களைத் தானே கலந்து தரும். அப்படிப்பட்ட வசதி பின்னால் வந்த மலிவான சில்லுகளில் இல்லை, கலக்கும் வேலை மென்பொருளுக்கு வந்துவிட்டது. உங்கள் தொழிலிலேயே இதற்கு உருவம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் லைன் இன் ஒன்றுதான். அதில் பத்து மைக்கை யாரும் நேராகச் சொருகுவதில்லை, நடுவில் மிக்சர் வைக்கிறோம். லினக்ஸில் அந்த மிக்சரின் பெயர் பைப்வயர். ரெட் ஹாட் நிறுவனத்தில் விம் டேமன்ஸ் எழுதத் தொடங்கியது. ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10-லும் பழைய பல்ஸ்ஆடியோவுக்குப் பதிலாக இதைக் கொண்டுவந்தன. மின்ட் 22-இலும் இதுதான் ஓடுகிறது.

ஆகவே சட்டம் ஒன்றே ஒன்று. கார்டைக் கையில் பிடிப்பது பைப்வயர் மட்டும். மற்றவை எல்லாம் அதன் வழியாக வரவேண்டும். எவனாவது ஒருவன் நேராகக் கார்டுக்குப் போனால் மற்ற எல்லோருக்கும் கதவு அடைபடும்.

உங்கள் கணினியில் நேராகப் போகிறவன் ஆர்டோர். அதைத் திறந்ததும் வரும் ‘ஆடியோ/மிடி செட்டப்’ பெட்டியில் ‘ஆடியோ சிஸ்டம்’ என்ற இடத்தில் ஆல்சா என்று இருக்கும். ஆல்சா என்பது கெர்னலோடு நேரடியாகப் பேசும் அடித்தளம். ஆர்டோர் ஆல்சாவில் கிளம்பும்போது ‘கார்டை விட்டுக்கொடு’ என்று பைப்வயரிடம் முறைப்படி கேட்கிறது, பைப்வயரும் விட்டுக்கொடுத்துவிடுகிறது. அந்த நிமிடமே பட்டியலிலிருந்து யூஎஸ்பி கார்டு மறையும். ஓபிஎஸ்ஸும் விஎல்சியும் மடிக்கணினியின் சொந்தக் கார்டுக்கு ஒதுங்கும், அல்லது சத்தமில்லாமல் நிற்கும். மறுபக்கம், ஆடாசிட்டி போல வேறொரு பதிவு மென்பொருள் முன்பே ஆல்சா வழியாகக் கார்டைப் பிடித்துக்கொண்டு, கேட்டாலும் விடாமல் இருந்தால், ஆர்டோர் ‘பிஸி’ என்று நிற்கும். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். டெர்மினலில் சூடோ, ஃப்யூசர், சிறுகோடு-வி என்று தட்டி, ‘டெவ்’ கோப்புறைக்குள் ‘எஸ்என்டி’ கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் நட்சத்திரக் குறியால் கொடுங்கள். வரும் பட்டியலில் பைப்வயர், அதற்கு எது எங்கே போகவேண்டும் என்று வழிகாட்டும் வயர்பிளம்பர் என்ற இரண்டு பெயர் மட்டும் இருந்தால் ஒழுங்கு. ஆர்டோர், ஆடாசிட்டி, ஜாக்டி (ஜாக் என்ற பழைய ஒலி சர்வர்) என்று ஏதாவது தெரிந்தால் அவன்தான் திருடன். இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் ‘ப்ராக்’ கோப்புறையில் ‘அசவுண்ட்’, அதற்குள் உங்கள் கார்டின் எண், அதற்குள் ‘பிசிஎம்0சி’, ‘சப்0’ என்று போய் ‘ஸ்டேட்டஸ்’ கோப்பை ‘கேட்’ செய்து வாசியுங்கள். உள்ளீடு ஓடிக்கொண்டிருந்தால் ‘ரன்னிங்’ என்றும் பிடித்திருப்பவரின் பிராசஸ் எண்ணும் வரும், மூடியிருந்தால் ‘குளோஸ்ட்’ என்று மட்டும் வரும். பக்கத்திலேயே ‘எச்டபிள்யூ_பாராம்ஸ்’ கோப்பில் அந்த நேரத்தில் கார்டு உண்மையில் எந்த வேகத்தில் (நொடிக்கு எத்தனை சாம்பிள்) ஓடுகிறது என்பது 48000 என்றோ 44100 என்றோ நிற்கும். புரோகிராம் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை இந்தக் கோப்புடையதுதான்.

இப்போது மாற்றம். ‘ஏபிடி இன்ஸ்டால்’ செய்து பைப்வயர்-ஜாக் (ஜாக்கிடம் பேசும் புரோகிராம்களைப் பைப்வயரிடம் பேசவைப்பது), கியூபிடபிள்யூகிராஃப் (ஒலிக் கம்பிகளைத் திரையில் இணைப்பது), பாவுகன்ட்ரோல் (ஒலி அளவும் வழியும் வைப்பது) மூன்றையும் போடுங்கள். ஆர்டோரை இனிமேல் ‘பிடபிள்யூ-ஜாக்’ என்ற சொல்லை முன்னால் வைத்துத் திறக்க வேண்டும். பெட்டியில் ஆடியோ சிஸ்டத்தை ஆல்சாவிலிருந்து ஜாக் என்று மாற்றுங்கள். இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. டெர்மினலில் முன்சொல்லோடு திறந்தால் சரியாக ஓடும், மறுநாள் மெனுவில் ஐகானைச் சொடுக்கினால் முன்சொல் இருக்காது. அப்போது அசல் ஜாக் கணினியில் இருந்தால் அது எழுந்து கார்டைப் பூட்டிவிடும், பழைய கதை திரும்பும். மெனு எடிட்டரில் ஆர்டோர் ஐகானின் கட்டளைக்கு முன்னாலும் ‘பிடபிள்யூ-ஜாக்’ சேர்த்துவிடுங்கள். ஆர்டோரில் பல்ஸ்ஆடியோ என்ற தேர்வும் கண்ணில் படும். அது பாடவிட மட்டும்தான், பதிவு செய்யாது. உங்களுக்கு உதவாது.

ஓபிஎஸ்ஸில் ‘ஆடியோ இன்புட் கேப்சர்’ சேர்த்து யூஎஸ்பி கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஆடாசிட்டி வைத்திருந்தால் டிவைஸ் பட்டியலில் ‘எச்டபிள்யூ’ என்று முடிவதைத் தொடாதீர்கள், ‘பைப்வயர்’ அல்லது ‘டீஃபால்ட்’ என்பதை எடுங்கள். விஎல்சிக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இத்தோடு மூன்றும் சேர்ந்து ஓடும். ஒரே உள்ளீட்டை ஓபிஎஸ்ஸும் ஆர்டோரும் ஒரே நேரத்தில் வாசிப்பதில் ஒலித்தரம் குறையுமோ என்ற பயம் வேண்டாம். ஒரே எண்களின் நகல்தான் இருவருக்கும் போகிறது. வெளியீட்டில்தான் கவனம். அங்கே கலப்பது என்றால் கூட்டல். முழு அளவில் இரண்டு ஒலி ஒரே நொடியில் சேர்ந்தால் 6 டெசிபல் வரை ஏறும், கார்டின் வாசலில் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். விஎல்சியை 100-க்கு மேல் ஏற்றாதீர்கள், 70-இல் வைத்து மிச்சத்தை மிக்சரில் ஏற்றுங்கள்.

இனி கொடைக்களத்து வேலை. ஊளைதான் பெரிய ஆபத்து. மிக்சரின் ஆக்ஸ் அவுட் என்ற தனி வெளியீடு கார்டின் உள்ளீட்டுக்கு வருகிறது, கார்டின் வெளியீடு விஎல்சி பாட்டுக்காக மிக்சரின் ஒரு சேனலுக்குப் போகிறது. ஆர்டோரில் டிராக்கைப் பதிவுக்குத் தயார் செய்ததும் அது உள்ளே வரும் ஒலியை மாஸ்டர் வழியாக வெளியே விடலாம். மிக்சர், கார்டு, ஆர்டோர், மறுபடி மிக்சர் என்று வட்டம் மூடும், ஊர் முழுக்கக் கேட்கும்படி கூம்பு ஸ்பீக்கர் ஊளையிடும். இதை மூன்று இடத்தில் அடைக்கலாம், மூன்றையும் அடையுங்கள். ஆர்டோர் பிரிஃபரன்சஸில் மானிட்டரிங் பகுதியில் பொறுப்பை ‘ஆடியோ ஹார்ட்வேர்’ என்று மாற்றுங்கள். கியூபிடபிள்யூகிராஃபைத் திறந்து ஆர்டோர் மாஸ்டரிலிருந்து யூஎஸ்பி கார்டின் வெளியீட்டுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் அறுத்துவிடுங்கள். மிக்சரில் விஎல்சி வரும் சேனலின் ஆக்ஸ் குமிழை முழுக்கக் குறைத்துவையுங்கள். கடைசியாகச் சொன்னதில் ஒரு விளைவு உண்டு. இடைவேளைப் பாட்டு நேரலையில் போகாது. பக்திப் பாட்டாக இருந்தாலும் உரிமை யாருடையதோ. நேரலையில் போகாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது கணினியின் சொந்தச் சத்தங்கள். சாமி வரத்து நேரத்தில் மெசேஜ் வந்த ‘டிங்’ ஒலி கூம்பில் போய்விட்டால் ஊர் உங்களைத்தான் பார்க்கும். டீஃபால்ட் வெளியீட்டை மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கராக வைத்து, அதை ம்யூட் செய்துவிடுங்கள். விஎல்சி பாடிக்கொண்டிருக்கும்போது பாவுகன்ட்ரோலில் ‘பிளேபேக்’ தாவலில் விஎல்சியை மட்டும் யூஎஸ்பி கார்டுக்கு மாற்றுங்கள். வயர்பிளம்பர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை தானே அங்கே போகும். இப்படி ஆளுக்கொரு வழி பிரித்துவிட முடிவதுதான் நடுவில் ஒரு மிக்சர் இருப்பதன் பெரிய லாபம் என்பேன்.

அதே பாவுகன்ட்ரோலில் ‘கான்ஃபிகரேஷன்’ தாவலுக்குப் போய் மடிக்கணினியின் சொந்தக் கார்டை ‘அவுட்புட்’ மட்டும் உள்ள புரொஃபைலுக்கு மாற்றுங்கள். யூஎஸ்பி கேபிளை யாராவது காலால் தட்டி ஒரு நொடி கழன்றுவிட்டால், பதிவு செய்யும் புரோகிராம் சத்தம் போடாமல் மடிக்கணினியின் சொந்த மைக்குக்குத் தாவக்கூடும். மீட்டர் ஆடிக்கொண்டுதான் இருக்கும். போவது வில்லுப் பாடும் புலவரின் குரல் இல்லை, பந்தலில் பக்கத்திலிருப்பவர் பேச்சு. அந்த மைக்கே பட்டியலில் இல்லாவிட்டால் மீட்டர் செத்து நிற்கும், உடனே கண்ணுக்குப் படும். கேபிளை மேஜைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். கார்டை ஹப் வழியாகச் சொருகாதீர்கள். யூஎஸ்பி 2.0 வாசல் தருவது 500 மில்லி ஆம்பியர், அதை வெப்கேமோடு பங்குபோட வைத்தால் மின்சாரம் பற்றாமல் கார்டு விட்டுவிட்டு எழும்.

அதே தாவலில் யூஎஸ்பி கார்டுக்கு ‘புரோ ஆடியோ’ என்று ஒரு புரொஃபைல் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், எட்டுப் பதினாறு உள்ளீடு உள்ள பெட்டிகளுக்குத்தான் அது தேவை. உங்களுக்கு ஸ்டீரியோ போதும். முதல் உள்ளீட்டில் மிக்சரின் லைன், இரண்டாவதில் கூட்டத்தின் குலவை பிடிக்கத் தனி மைக் என்றால் ஆர்டோரில் இரண்டு மோனோ டிராக் போட்டு இடது, வலது என்று பிரித்து எடுங்கள். ஓபிஎஸ்ஸில் ‘அட்வான்ஸ்ட் ஆடியோ பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘மோனோ’ டிக் செய்யாவிட்டால் பார்க்கிறவருக்குப் பாட்டு இடது காதில் மட்டும் விழும்.

அளவு வைப்பதற்கு வில்லு ஒலிக்கும்போது பார்ப்பதைவிடக் குடத்தடியைப் பாருங்கள். வீசுகோல் பட்டு மணி குலுங்குவதும் உடுக்கையும் மீட்டரில் தெரிவதைவிடக் கூர்மையாகக் குத்தும். குடத்தில் விழும் அடி எல்லாவற்றுக்கும் மேலே போகும். காப்புப் பாட்டைத் தொடங்குவதற்கு முன்னாலேயே குடக்காரரைப் பலமாக நாலு அடி அடிக்கச் சொல்லி, உச்சி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் கார்டின் கெயினை வையுங்கள். வர்ணிப்பு சூடேறும்போது எல்லோருமே ஓங்கி அடிப்பார்கள், அந்த 12 அப்போது செலவாகும்.

இனி வேகமும் துண்டின் அளவும். கார்டுக்குள் கடிகாரம் ஒன்றுதான், ஆகவே பங்குபோடும் எல்லோருக்கும் வேகமும் ஒன்றுதான். பைப்வயரின் இயல்பு 48000. ஓபிஎஸ்ஸிலும் 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், ஆர்டோர் செஷனையும் 48-இலேயே தொடங்குங்கள். விஎல்சியில் 44.1 பாட்டு வந்தால் பைப்வயர் மாற்றிக்கொடுத்துவிடும். ஆர்டோரில் பழைய 44.1 செஷனைத் திறந்தால் அப்படி இல்லை. வேகம் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும், மீறித் திறந்தால் சில பதிப்புகளில் பாட்டு 9 சதவீதம் வேகமாக ஓடக்கூடும், சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிவிடும்.

துண்டு என்று சொன்னது குவாண்டம். ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் கைமாறுகிறது என்ற கணக்கு. இயல்பாக 1024, அதாவது 48000-இல் 21.3 மில்லி செகண்ட். 256 என்றால் 5.3. பங்குபோடுவதில் உள்ள உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. ஒரு புரோகிராம் 64 கேட்டால் அந்தக் கார்டில் தொங்கும் எல்லோரும் 64-க்கு ஓட வேண்டும். ஓபிஎஸ் வீடியோவை அமுக்கிக்கொண்டிருக்கும் மடிக்கணினிக்கு 1.3 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஆஜராக நேரம் இருக்காது. ‘டிக், டிக்’ என்று வெட்டு விழும். நீங்கள் ஹெட்ஃபோனில் கணினி வழியாகப் பாடகருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. பாடகர் கேட்பது மிக்சரிலிருந்து. ஆகவே சின்னத் துண்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா’, சிறுகோடு-என், செட்டிங்ஸ், பூஜ்யம், ‘கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம்’, 1024 என்று ஒரே வரியில் கொடுத்துவிடுங்கள். பிறகு யார் என்ன கேட்டாலும் 1024-தான். கடைசி எண்ணை 0 ஆக்கினால் பழைய நிலை திரும்பும், கணினியை அணைத்துப் போட்டாலும் திரும்பிவிடும், அதனால் கொடையன்று மறுபடி கொடுக்க வேண்டும்.

விஎல்சி ஓடாத நேரத்தில் 5 செகண்ட் கழித்து வயர்பிளம்பர் கார்டின் வெளியீட்டைத் தூங்க வைத்துவிடும். மறுபடி எழும்போது சில கார்டுகளில் கூம்பில் ‘டப்’ என்று அடிக்கும், பாட்டின் முதல் எழுத்தும் முழுங்கப்படும். ‘செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்’ என்பதை 0 ஆக்கினால் தூங்காது. ஆனால் மின்ட் 22-இல் இருப்பது வயர்பிளம்பர் 0.4, அங்கே இதை லுவா என்ற நிரல்மொழிக் கோப்பில் எழுத வேண்டும். 0.5 முதல் ‘கான்ஃப்’ கோப்பு. இணையத்தில் கிடைக்கும் குறிப்பு எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பார்க்காமல் ஒட்டினால் ஒன்றும் நடக்காது, பிழை என்றும் சொல்லாது. கோப்பில் கை வைக்க விருப்பமில்லை என்றால் மிக்சரில் அந்தச் சேனலை ம்யூட்டில் வைத்து, பாட்டு தொடங்கி ஒரு நொடி கழித்துத் திறந்தாலே போதும்.

பிரவுசரில் வீடியோ அழைப்பு திறந்துவைக்காதீர்கள். குரோம் வகைப் பிரவுசர்கள் அழைப்பின்போது மைக்கின் அளவைத் தாங்களே ஏற்றி இறக்கும். உள்ளீட்டைப் பங்குபோட்டால் அதன் அளவுக் குமிழும் பங்குதான், பதிவிலும் நேரலையிலும் குரல் மேலும் கீழும் போய்வரும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அழைப்பில்தான் பார்ப்பேன் என்றால் அதைக் கைப்பேசியில் வையுங்கள். கணினியிலேயேதான் வேண்டும் என்றால், பைப்வயர்-பல்ஸ் அமைப்புக் கோப்பின் விதிகளில் அந்தப் பிரவுசருக்கு ‘பிளாக்-சோர்ஸ்-வால்யூம்’ என்ற குணத்தைச் சேர்த்தால் குமிழ் அதன் கைக்கு எட்டாது.

பார்வையற்றவர் பயன்படுத்தும் கணினியாக இருந்தால், கார்டைப் பூட்டும் புரோகிராம் பாட்டை மட்டும் நிறுத்துவதில்லை. திரையை வாசிக்கும் ஓர்காவும் அதே கார்டில்தான் பேசுகிறது. ஆர்டோர் ஆல்சாவில் திறந்த மறுநொடி அவருக்கு முழுத்திரையும் போய்விடும், மூடுவதற்குப் பொத்தான் எங்கே என்று சொல்லவும் குரல் இருக்காது. ஒலிப்பதிவு கற்றுக்கொடுக்கிறவர்கள் அந்த மாணவருக்கு முதல் பாடமாக ஆல்சாவை ஜாக் ஆக மாற்றித் தரவேண்டும்.

பைப்வயர் ஏறாத பழைய கணினி இருந்தால் ஆல்சாவுக்குள்ளேயே டிமிக்ஸ் என்று ஒரு சின்ன மிக்சர் உண்டு. பாடவிடுவதற்கு டிமிக்ஸ், பதிவுக்கு டிஸ்னூப், இரண்டையும் சேர்க்க ‘அசிம்’, மேலே வேகத்தை மாற்ற ‘பிளக்’. இதை வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ‘அசவுண்ட்ஆர்சி’ கோப்பில் எழுதலாம். கார்டை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறியுங்கள், எச்டிஎம்ஐ கார்டு முந்திக்கொண்டால் எண் மாறிவிடும். அதிலும் சட்டம் அதேதான், ஒருவன் ‘எச்டபிள்யூ’ என்று நேராகத் திறந்தால் டிமிக்ஸ் எழாது.

கோப்பின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்டோரின் இயல்பான 32 பிட்டில் மோனோ டிராக் ஒன்று மணிக்கு சுமார் 690 மெகாபைட் எடுக்கும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியில் நின்றுவிடும், அது 6 மணி 12 நிமிடம். விடிய விடிய வில்லு என்றால் செஷன் தொடங்கும்போதே கோப்பு வகையை ஆர்எஃப்64 என்று மாற்றிவிடுங்கள்.

கொடைக்கு முந்தின நாள் ஓபிஎஸ், ஆர்டோர், விஎல்சி மூன்றையும் திறந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, டெர்மினலில் ‘பிடபிள்யூ-டாப்’ தட்டிப் பாருங்கள். ‘குவான்ட்’ வரிசையில் 1024, ‘ரேட்’ வரிசையில் 48000 நிற்க வேண்டும். ‘இஆர்ஆர்’ வரிசை வெட்டுகளின் எண்ணிக்கை. திறக்கும்போது ஒன்றிரண்டு ஏறுவது சகஜம், அதற்குப் பிறகு ஏறக்கூடாது. ஏறினால் எந்தப் புரோகிராமின் வரியில் ஏறுகிறதோ அதைத்தான் குறைக்க வேண்டும். பெரும்பாலும் அது ஓபிஎஸ்ஸாக இருக்கும், வீடியோ அளவை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எண் அசையாமல் நின்றால் அந்தக் கணினியில் கொடை முடியும்வரை அப்டேட் போடாதீர்கள்.